ஆற்றோரம் ஒரு பேருந்துப் பயணம்

காலை ஏழரை மணி. ஈப்போ மேடான் கிட் நிலையத்தில் கோல கங்சாருக்குச் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக நின்றிருந்தது. முன்படியில் ஒரு காலை வைத்த பெரியவர், மறு காலைத் தூக்காமல் தயங்கினார். 32 ஆண்டுகள் நாள்தோறும் பேருந்தில் ஏறியவர்தாம் அவர். ஆனால், அத்தனை ஆண்டுகளும் அவர் ஏறி அமர்ந்தது ஓட்டுநர் இருக்கையில். பயணச் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

“ஏறுங்க. பின்னால ஆள் நிக்கிறாங்க,” என்றார் அம்மையார்.

பெரியவர் ஏறினார். நேராகச் சென்று ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த முதல் வரிசையில் உட்கார்ந்தார். அம்மையாருக்கு நடு வரிசையில் சன்னலோரம் வேண்டும். இருந்தாலும் ஒன்றும் சொல்லாமல் அவர் பக்கத்தில் அமர்ந்தார். முதல் நாளே சண்டை எதற்கு?

பட்டர்வொர்த்துக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே விரைவுப் பேருந்து ஓட்டியவர் அவர். சென்ற ஆண்டு, உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றபோது, இடக்கண்ணில் கோளாறு இருப்பது தெரிய வந்தது. கண் அழுத்த நோய் என்றார் மருத்துவர். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பை மெல்ல மெல்லச் சிதைக்கும் நோய் அது. பெரும்பாலும் வலி இருக்காது. முதலில் ஓரப் பார்வைதான் குறையும். நேராகப் பார்ப்பது நன்றாகவே தெரிவதால் பலர் அதை உணர்வதே இல்லை. போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து விட்டு, இருக்கும் பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பெரியவரின் இடக்கண்ணில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருந்தது. வலக்கண்ணிலும் நோயின் தொடக்கம் தெரிந்தது.

அன்று மாலை வீடு திரும்பியவர், பேருந்து நிறுவனத்தின் சாவிக் கொத்தைத் துணியால் துடைத்து மேசைமேல் வைத்தார். அதன்பிறகு ஓராண்டு காலம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததுதான் அவருடைய பயணம். மகன் காரில் எங்கேனும் அழைத்துச் செல்வதாகச் சொல்லியும் மறுத்துவிட்டார்.

பேருந்தில் போகலாம் என்று சொன்னவர் அம்மையார். எங்கே போவது என்பதையும் அவரே முடிவு செய்திருந்தார். கோல கங்சாரில் தொடங்கி, பேராக் ஆற்றை ஒட்டியே இறங்கி, தெலுக் இந்தான் வரை. மூன்று நாள். அவசரம் இல்லை.

“அந்த ஆற்றை ஆயிரம் தடவை பார்த்தாச்சு,” என்றார் பெரியவர்.

“பார்த்தீங்களா, கடந்தீங்களா?”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோல கங்சார் அருகே ஒரு நீண்ட பாலம் பேராக் ஆற்றைக் கடக்கிறது. விரைவுப் பேருந்துக்கு அந்தப் பாலத்தின்மீது ஒரு நிமிட வேலைகூட இல்லை. அந்த நேரத்தில் அவர் கண் சாலையில் இருந்ததே தவிர, கீழே இருந்த தண்ணீரில் இருந்ததில்லை.

பேருந்து பழைய சாலையில் செம்மோரைக் கடந்து சுங்கை சிப்புட்டை நெருங்கியது. ஒவ்வொரு வளைவிலும் பெரியவரின் வலக்கால் தரையை அழுத்தியது. முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கிட்டபோது, ஓட்டுநர் மிதிப்பதற்கு முன்பே அவர் கால் மிதித்துவிட்டது. சுங்கை சிப்புட்டில் பேருந்து நின்றதும் இளம் ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“பாக்சிக், நீங்களும் பேருந்து ஓட்டியவர்தானே?” என்று மலாயில் கேட்டார். “கண்ணாடியில் உங்கள் காலைப் பார்த்துக்கொண்டே வருகிறேன்.”

பெரியவருக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் உள்ளூர ஒரு மகிழ்ச்சி. அடுத்த இருபது நிமிடம் இருவரும் பற்சக்கரப் பெட்டியைப் பற்றிப் பேசினார்கள். அம்மையார் சன்னல் வழியே சுங்கை சிப்புட்டைப் பார்த்தார். துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் அது. அவர் முயற்சியால் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் அங்கே தமிழ்ப்பள்ளியாக இயங்கி வருகிறது.

கோல கங்சாரில் இறங்கியதும் அம்மையார் முதலில் தேடிச் சென்றது அரண்மனையை அன்று, ஒரு மரத்தை. மாவட்ட அலுவலகத்துக்கு அருகே வேலியிட்டுக் காக்கப்பட்டு வரும் பால்மரம் அது. 1877ஆம் ஆண்டில் நடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, ஹென்றி விக்ஹாம் என்பவர் பிரேசில் காட்டிலிருந்து எடுத்துச் சென்ற விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளின் வழியில்தான் நம் நாட்டுப் பால்மரக் காடுகள் தோன்றின. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றில் சிலவற்றைக் கோல கங்சாரில் நட்டார். எஞ்சி நிற்பது இந்த ஒன்றுதான்.

மரம் அப்படியொன்றும் அழகானதாக இல்லை. அடிமரம் முண்டும் முடிச்சுமாக இருந்தது. அம்மையார் வேலி ஓரத்தில் நின்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தந்தை பால் மரம் சீவியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு, பட்டையில் சாய்வாகக் கோடு இழுத்து, கோப்பை கட்டி, பகல் ஏறுவதற்குள் பாலைத் திரட்டியவர். தாத்தா கப்பலேறி வந்ததும் இந்த மரத்துக்காகத்தான்.

“இது இல்லேன்னா நாம இங்க இல்லே,” என்றார் அம்மையார்.

“இது இல்லேன்னா உங்க அப்பா நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டியதும் இல்லே,” என்றார் பெரியவர்.

அங்கிருந்து புக்கிட் சண்டானில் உள்ள உபுடியா பள்ளிவாசலுக்குச் சென்றார்கள். நோயுற்றிருந்த சுல்தான் இட்ரிஸ், குணமானால் ஒரு பள்ளிவாசல் கட்டுவதாக நேர்ந்துகொண்டாராம். கட்டடக் கலைஞர் ஏ. பி. ஹப்பெக் வரைந்த திட்டத்தின்படி 1913இல் வேலை தொடங்கியது. இத்தாலியிலிருந்து வரவழைத்த பளிங்குக் கற்களை, சண்டையிட்ட இரண்டு யானைகள் மிதித்து நொறுக்கிவிட்டன. மீண்டும் கல் வரவழைக்க வேண்டியதாயிற்று. அதற்குள் முதலாம் உலகப்போரும் மூண்டது. பள்ளிவாசல் 1917இல் நிறைவுபெற்றபோது, நேர்ந்துகொண்ட சுல்தான் உயிரோடு இல்லை. பொன்னிறக் குவிமாடங்கள் வெயிலில் மின்னின. பெரியவர் தலையை இடப்பக்கம் நன்றாகத் திருப்பி, ஒவ்வொரு கோபுரமாக எண்ணினார். அப்படித் தலையைத் திருப்பினால்தான் அவருக்கு முழுக் கட்டடமும் தெரியும்.

பிற்பகலில் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். மறுகரையில் சாயோங். சிறு படகு ஒன்று ஆள்களை ஏற்றிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தது. இருவரும் அதில் ஏறினார்கள். ஆற்றின் நடுவே வந்தபோது பெரியவர் கையை நீரில் விட்டார்.

“இவ்வளவு குளிர்ச்சியா இருக்கும்னு நினைக்கலே.”

பேராக் ஆறு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளம் உடையது. தீபகற்ப மலேசியாவில் பகாங் ஆற்றுக்கு அடுத்த பெரிய ஆறு இதுவே. வடக்கே தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைக்காடுகளில் பிறந்து, தெமெங்கோர், செண்டரோ முதலிய அணைகளைக் கடந்து வருகிறது. மின்சாரம் எடுத்து முடித்த தண்ணீர்தான் கோல கங்சாரில் இப்படி அமைதியாக ஓடுகிறது.

சாயோங்கில் லாபு சாயோங் செய்யும் பட்டறை ஒன்றைப் பார்த்தார்கள். சுரைக்காய் வடிவிலான கறுப்பு நீர்க்குடுவையைத்தான் அப்படி அழைக்கிறார்கள். களிமண்ணை இடித்துச் சலித்துப் பிசைந்து வனைகிறார்கள். ஓரளவு உலர்ந்ததும் வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். பின்னர்ச் சுடுகிறார்கள். குடுவையின் கறுப்பு, சாயத்தால் வந்தது அன்று. சூளையிலிருந்து எடுத்த சூடு ஆறுமுன் நெல் உமியில் புதைத்துவிடுகிறார்கள். உமி புகைந்து, அந்தக் கரி மண்ணில் ஏறிக்கொள்கிறது. குடுவையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருக்கும் நீர் குளிர்ந்துவிடுகிறது. நம் வீடுகளில் இருந்த மண்பானையும் இதே வேலையைத்தான் செய்தது.

அம்மையார் ஒரு குடுவையை வாங்கினார். “மூணு நாளைக்கு இதைத் தூக்கிக்கிட்டு அலையணுமா?” என்று பெரியவர் கேட்டார். பிறகு அவரே அதைத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

இரவு ஒன்பது மணிக்கு விடுதி அறையில் அம்மையார் சொட்டு மருந்தை எடுத்தார். பெரியவர் அண்ணாந்து உட்கார்ந்தார். முதலில் இடக்கண்ணுக்கு ஒரு சொட்டு; பிறகு வலக்கண்ணுக்கு ஒரு சொட்டு. ஓராண்டாக ஒருநாள்கூட இது தவறியதில்லை.

மறுநாள் பயணம் நினைத்தபடி அமையவில்லை. ஆற்றை ஒட்டித் தெற்கே செல்ல நேர்ப்பேருந்து கிடைக்காததால், ஈப்போவுக்குத் திரும்பிப் போத்தா பக்கம் செல்லும் பேருந்தைப் பிடித்தார்கள். இம்முறை பெரியவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அம்மையார் அவருடைய இடப்பக்கத்தில், சன்னலோரமாக.

போத்தா கானானில் ஆற்று ஆமைக் காப்பகம் ஒன்று உள்ளது. துந்தோங் எனப்படும் இந்தப் பெரிய ஆமைகள் இரவில் மணல் திட்டில் ஏறிக் குழி தோண்டி முட்டையிடும். முட்டைகளை மனிதர் எடுத்து உண்டதாலும் மணல் திட்டுகள் அழிந்ததாலும் இவற்றின் எண்ணிக்கை குறைந்துபோயிற்று. காப்பகத்தில் முட்டைகளை மணலில் புதைத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைச் சில காலம் வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். தொட்டியில் உள்ளங்கை அளவுக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. நெரிசல் நேரத்துப் பேருந்தைப் போல் இருப்பதாகப் பெரியவர் சொன்னார்.

அங்கிருந்து கம்போங் காஜா வழியாகத் தெலுக் இந்தானுக்குச் செல்லப் பேருந்து இல்லை. நிழற்குடையில் ஒரு மணிநேரம் காத்திருந்தும் ஒன்றும் வரவில்லை. சாலையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் போய்க்கொண்டே இருந்தன.

“எல்லார் வீட்டிலும் வண்டி வந்திருச்சு. பேருந்து யாருக்கு வேணும்?” என்றார் பெரியவர். சற்றுப் பொறுத்து, “வண்டி ஓட்ட முடியாதவனுக்குத்தான் வேணும்,” என்றார்.

அம்மையார் பதில் சொல்லவில்லை. ஒரு வாடகை வண்டியை அமர்த்தினார்.

சாலையின் ஒருபுறம் ஆறு, மறுபுறம் கிராமங்கள். சில இடங்களில் ஆற்றுக்கும் சாலைக்கும் நடுவே வீடுகள். பெரியவர் ஒன்றைக் கவனித்தார். பழைய மலாய் வீடுகள் சில, முதுகைச் சாலைக்குக் காட்டிக்கொண்டு நின்றன. அவற்றின் முன்வாசலும் படிக்கட்டும் ஆற்றைப் பார்த்திருந்தன. வாடகை வண்டி ஓட்டுநர் விளக்கினார். அந்த வீடுகள் கட்டப்பட்ட காலத்தில் ஆறுதான் சாலை. விருந்தினர், வணிகர், மணமகன் ஊர்வலம் எல்லாம் படகில் வந்தன. பின்னாளில் தார்ச்சாலை கொல்லைப்புறமாக வந்தது. வீடுகளைத் திருப்பி வைக்க முடியுமா என்ன?

பாசீர் சாலாக்கில் சிறிது நேரம் இறங்கினார்கள். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான ஜே. டபிள்யூ. டபிள்யூ. பெர்ச், 1875 நவம்பர் 2ஆம் நாள் இங்கே ஆற்றோரக் குளியலறையில் கொல்லப்பட்டார். அதற்குத் தலைமை தாங்கிய டத்தோ மஹாராஜா லேலா பின்னர்த் தூக்கிலிடப்பட்டார். இப்போது அங்கே வரலாற்று வளாகம் உள்ளது. மழை தூறத் தொடங்கியதால் இருவரும் அதிக நேரம் நிற்கவில்லை.

தெலுக் இந்தானை அடைந்தபோது விளக்கு வைக்கும் நேரம். பேராக் ஆறு பெரிய வளைவாகத் திரும்பும் இடத்தில் அமைந்த ஊர் அது. ஆங்கிலேயர் காலத்தில் தெலுக் ஆன்சன் என்று பெயர். 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. ஒரு காலத்தில் ஈயமும் ரப்பரும் ஏற்றிச் செல்லக் கப்பல்கள் ஆற்று வழியே இவ்வூர் வரை வந்தன. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து இரயிலும் வந்தது. இன்று கப்பலும் இல்லை. அந்த இரயிலும் இல்லை.

காலையில் சாய்ந்த கோபுரத்தின் முன்னால் நின்றார்கள். லியோங் சூன் சோங் என்ற கட்டுமானர் 1885இல் எழுப்பிய கோபுரம். உயரம் 25.5 மீட்டர். வெளியிலிருந்து எட்டு அடுக்காகத் தோன்றினாலும் உள்ளே இருப்பவை மூன்றே மாடிகள். மேல்பகுதியில் ஊருக்குக் குடிநீர் தரும் தொட்டி இருந்தது. அந்த நீரின் பாரத்தைக் கீழே இருந்த மென்மையான மண் தாங்காததால் கோபுரம் ஒருபுறம் சரிந்தது. உச்சியில் உள்ள கடிகாரம் ஊருக்கே மணி காட்டியது.

பெரியவர் கோபுரத்தை உற்றுப் பார்த்தார். தலையை வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

“கோபுரம் சாய்ஞ்சிருக்கா, இல்லே என் கண்ணுதான் அப்படிக் காட்டுதா?”

ஓராண்டில் அவர் தம் கண்ணைப் பற்றிச் சொன்ன முதல் நகைச்சுவை அது. அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பத்து மணிக்குப் பாகான் டத்தோ செல்லும் பேருந்தில் ஏறினார்கள். அம்மையார் பிறந்த தோட்டம் அந்தச் சாலையில்தான் இருந்தது. பெரியவர் பெண் பார்க்க வந்ததும் அதே சாலையில்தான்.

“அன்னைக்கு நீங்க சன்னலோரமா உட்கார்ந்து வந்தீங்களா?”

“எங்க உட்கார்றது? ஒரே கூட்டம். நின்னுக்கிட்டே வந்தேன். சட்டையெல்லாம் கசங்கிப்போச்சு.”

“கசங்கின சட்டையோட வந்தவரைத்தான் எங்க அப்பாவுக்குப் பிடிச்சது.”

சாலை நெடுக எண்ணெய்ப்பனை. அம்மையாரின் சிறு வயதில் இங்கெல்லாம் பால்மரம் நின்றது. பெரியவர் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இடப்பக்கம் என்ன தெரியுது, சொல்லு,” என்றார்.

அம்மையார் சொல்லத் தொடங்கினார். வாய்க்கால், வாய்க்கால்மேல் பலகைப் பாலம், பாலத்தில் தூண்டில் போடும் இரண்டு பையன்கள். வெள்ளைக் கொக்கு. மூடிக் கிடக்கும் ஒட்டுக்கடை. தோட்டத்துச் சந்திப்பு. லயங்கள் இருந்த இடத்தில் எதுவும் இல்லை, பனைக் கன்றுகள்தாம். பள்ளிக்கூடத்துத் திடல் புல் மண்டிக் கிடக்கிறது.

“கோயில்?”

அம்மையார் சன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

“இருக்கு. மாரியம்மன் கோயில் இருக்கு. புதுசாச் சாயம் அடிச்சிருக்காங்க. மஞ்சள் நிறம்.”

“இறங்குவோமா?”

மணியை அழுத்தியவர் பெரியவர். பூட்டியிருந்த கோயிலின் வெளியே கற்பூரம் ஏற்றினார்கள். அரச மரத்தடித் திண்ணையில் அமர்ந்து, லாபு சாயோங்கில் இருந்த தண்ணீரைக் குடித்தார்கள். இரண்டு மணிநேரத்தில் அவ்வழியே வந்தது ஒரேயொரு மோட்டார் சைக்கிள். அதில் வந்தவர் அம்மையாரின் தந்தையை அறிந்தவரின் பேரன். அடுத்த பேருந்து எப்போது வரும் என்பதை அவர்தாம் சொன்னார்.

மாலையில் தெலுக் இந்தானிலிருந்து ஈப்போ செல்லும் பேருந்தில் கூட்டம் இல்லை. முதல் வரிசை காலியாகவே கிடந்தது. பெரியவர் அதைக் கடந்து நடந்து, நடு வரிசையில் சன்னலோர இருக்கையைக் காட்டி, “நீ உட்காரு,” என்றார். குடுவையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

லங்காப்பைத் தாண்டியபோது ஒரு மாடு சாலையில் குறுக்கிட்டது. ஓட்டுநர் சட்டென்று நிறுத்தினார். பேருந்து குலுங்கியது. அம்மையார் திரும்பிப் பெரியவரின் வலக்காலைப் பார்த்தார். அது அசையவில்லை. குடுவையை இரு கைகளாலும் அணைத்தபடி அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சொட்டு மருந்துக்கு இன்னும் இரண்டு மணிநேரம் இருந்தது.